அரை நாளில் ஆயிரம் ஆண்டு!

வேளாங்கண்ணியில் இருந்து ஒரு சரித்திரப் பயணம்

வேளாங்கண்ணிக்கு வருகிறவர்கள் மாதாவை வணங்குகிறார்கள். கடலில் கால் நனைக்கிறார்கள். மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்கிறார்கள். மறுநாள் காலையில் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டு விடுகிறார்கள்.

இன்னும் அரை நாள் தங்கினால் போதும். ஒரு கோட்டையைப் பார்க்கலாம். ஒரு பெரிய மடம் இருந்த ஊரையும் பார்க்கலாம்.

கோட்டையைக் கட்டியவர்கள் டென்மார்க் நாட்டுக்காரர்கள். மடத்தைக் கட்டியவர், சுமத்திராத் தீவில் இருந்து ஆண்ட அரசர். இந்த இரண்டு பேருக்கும் இடம் கொடுத்தவர்கள் தஞ்சை மன்னர்கள்.

கோட்டை இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு கம்பீரமாக நிற்கிறது. மடம் இருந்த சுவடே தெரியவில்லை!

ஏன் ஒன்று நின்றது? ஏன் மற்றொன்று மறைந்தது? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். வழியிலேயே விடை கிடைக்கும்.

எப்படிப் போவது?

வேளாங்கண்ணியில் இருந்து வடக்கே நாகப்பட்டினம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அங்கிருந்து நாகூர், காரைக்கால், பொறையாறு வழியாகப் போனால் தரங்கம்பாடி வந்துவிடும். மொத்த தூரம் 50 கிலோமீட்டருக்குள்தான்.

வேளாங்கண்ணியில் இருந்து நாகைக்கு அடிக்கடி பஸ் உண்டு. நாகையில் சிதம்பரம் போகிற பஸ்ஸில் ஏறினால் தரங்கம்பாடியில் இறங்கிக்கொள்ளலாம். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு 7 மணிக்குக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடலாம்.

வழி நெடுக ஒரு பக்கம் வயல். மறுபக்கம் கடற்காற்று. காவிரியின் கிளை ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே வரும். குழந்தைகளைப் பாலங்களை எண்ணச் சொல்லலாம். நேரம் போவதே தெரியாது.

தீவு அரசர் கட்டிய மடம்

முதல் ஊர் நாகப்பட்டினம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நாகை, சோழர்களின் பெரிய துறைமுகம். அப்போது நீராவிக் கப்பல் கிடையாது. பாய்மரக் கப்பல்தான். காற்று எந்தத் திசையில் வீசுகிறதோ, அந்தத் திசையில்தான் கப்பல் ஓடும்.

வாடைக்காற்றில் சுமத்திராவில் இருந்தும் கடாரத்தில் இருந்தும் கப்பல்கள் நாகைக்கு வரும். கடாரம் என்பது இன்றைய மலேசியாவில் உள்ள கெடா. வந்தவர்கள் உடனே திரும்ப முடியாது. தென்மேற்குக் காற்று கிளம்பும் வரையில் பல மாதம் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர்களில் பலர் புத்த மதத்தினர். அவர்களுக்கு வழிபட ஓர் இடம் வேண்டாமா?

ஸ்ரீவிஜயம், கடாரம் ஆகிய நாடுகளின் அரசரான மாற விஜயோத்துங்க வர்மர், நாகையில் ஒரு விகாரம் கட்டினார். விகாரம் என்றால் புத்த பிட்சுக்கள் தங்கி வழிபடும் மடம். தம் தந்தை சூளாமணி வர்மரின் பெயரை அதற்குச் சூட்டினார். அதுதான் சூடாமணி விகாரம்.

இந்தப் பெயரைக் கேட்டதும் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' பலருக்கு நினைவு வரும். அந்தக் கதையில் இளவரசர் அருள்மொழிவர்மர் சூடாமணி விகாரத்தில்தான் மறைந்து தங்குகிறார். அது கதை. சரித்திரமோ வேறு. அருள்மொழிவர்மர் முடிசூடி ராஜராஜ சோழர் ஆன பிறகுதான், அவர் ஆட்சியில்தான், இந்த விகாரம் எழுந்தது.

யானை நடந்து போட்ட எல்லை!

ராஜராஜ சோழர் சிவபக்தர். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டியவர். ஆனாலும் வேற்று நாட்டார் கட்டிய புத்த விகாரத்துக்கு ஒரு கிராமத்தின் வருமானத்தையே எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கிராமம் ஆனைமங்கலம். நாகைக்கு மேற்கே, கீழ்வேளூர்ப் பக்கத்தில் அந்தப் பெயருள்ள ஊர் இன்றும் இருக்கிறது.

இது நடந்தது அவருடைய 21-ம் ஆட்சி ஆண்டில். அதாவது 1005-06-ம் ஆண்டு. நிலம் 97 வேலிக்குச் சற்று அதிகம். ஒரு வேலி 6⅔ ஏக்கர் என்று இன்றைய கணக்கில் வைத்துக்கொண்டால், 640 ஏக்கருக்கு மேல் வருகிறது. அதில் இருந்து ஆண்டுதோறும் விகாரத்துக்குக் கிடைக்க வேண்டிய நெல் 8,943 கலத்துக்கும் மேல். ஒரு கலம் என்பது 12 மரக்கால்.

எல்லையை எப்படி அளந்தார்கள் தெரியுமா? ஒரு பெண் யானையை நடக்கவிட்டார்கள். யானை சுற்றி வந்த வழியே கிராமத்தின் எல்லை. ஊரார் கண் முன்னால் யானை நடந்தபிறகு, "என் வரப்பு, உன் வரப்பு" என்று யாரும் சண்டை போட முடியாது அல்லவா?

தானம் கொடுத்த ராஜராஜர் மறைந்தார். கொடுத்த தானம் நிலைக்க வேண்டும் என்று அவருடைய மகன் ராஜேந்திர சோழர் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தார். மொத்தம் 21 ஏடுகள். 5 ஏடுகள் வடமொழி. 16 ஏடுகள் தமிழ். எல்லாவற்றையும் ஒரு வளையத்தில் கோத்து, சோழ முத்திரை வைத்தார்கள். மொத்த எடை ஏறத்தாழ 30 கிலோ.

வேடிக்கை என்னவென்றால், இதே ராஜேந்திரர்தான் 1025-ம் ஆண்டில் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கினார். 'கடாரம் கொண்டான்' என்று பெயர் பெற்றார்.

கடலுக்கு அப்பால் போர் நடந்தது. நாகையில் மடம் நடந்தது! போருக்கு 65 ஆண்டுகளுக்குப் பின், 1090-ம் ஆண்டு வாக்கில், முதலாம் குலோத்துங்க சோழர் இன்னொரு செப்பேடு கொடுத்தார். கடாரத்து அரசரின் தூதர்கள் வந்து கேட்டதன்பேரில், நாகையில் இருந்த இரண்டு பெரும்பள்ளிகளின் கிராமங்களுக்கு வரி நீக்கப்பட்டது. அவற்றின் பெயர்களைப் பாருங்கள்: ராஜராஜப் பெரும்பள்ளி, ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. புத்த மடங்களுக்குச் சோழ மன்னர்களின் பெயர்!

1476-ம் ஆண்டிலும் பர்மா நாட்டுப் பிட்சுக்கள் நாகைக்கு வந்து, பழைய புத்த மடம் இருந்த இடத்தைத் தரிசித்துப் போனார்கள். பர்மிய மன்னர் தம்மசேதியின் கல்வெட்டு இதைச் சொல்கிறது.

கோபுரம் விழுந்தது

அந்த இடம் என்ன ஆயிற்று?

19-ம் நூற்றாண்டு வரையில் நாகைக்கு வடக்கே ஒரு பழைய கோபுரம் நின்றது. ஜனங்கள் அதைப் 'புதுவெளிக் கோபுரம்' என்றார்கள். வெள்ளைக்காரர்கள் 'சீனாக் கோபுரம்' என்றார்கள். 1267-ல் நாகையில் சீனர்கள் ஒரு செங்கல் கோபுரம் கட்டினார்கள் என்று, வாங் தாயுவான் என்ற 14-ம் நூற்றாண்டுச் சீனப் பயணி எழுதியிருக்கிறார். அந்தக் கோபுரமே இது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

1846-ம் ஆண்டில் சர் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அதை நேரில் பார்த்தார். மூன்று நிலைகள். நான்கு பக்கம். சாந்து பூசாமல் செங்கல்லோடு செங்கல்லை நெருக்கிக் கட்டிய சுவர். கடலில் வரும் கப்பல்காரர்களுக்கு நாகைத் துறைமுகத்தைக் காட்டும் அடையாளமாகவும் அது இருந்தது.

கோபுரத்துக்குப் பக்கத்து நிலத்தில் ஏசு சபைப் பாதிரிமார்கள் கல்லூரி நடத்தி வந்தார்கள். இன்று திருச்சியில் இருக்கிறதே, புனித வளனார் கல்லூரி, அதுதான். 1844-ல் நாகையில் தொடங்கி, 1883-ல் திருச்சிக்குப் போயிற்று.

பழுதாகி நின்ற கோபுரத்தை அகற்ற வேண்டும் என்று பாதிரிமார்கள் கேட்டார்கள். சென்னை அரசாங்கம் 1867-ல் அனுமதி கொடுத்தது. கோபுரம் இடிக்கப்பட்டது.

புயலும் வெள்ளமும் சாய்க்காத கோபுரம் அது. ஒரு கடுதாசியில் போட்ட கையெழுத்து அதைச் சாய்த்துவிட்டது!

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபுரத்துக்கு அப்போது ஊரில் சொந்தக்காரர் யாரும் இல்லை. பிட்சுக்கள் இல்லை. விளக்கேற்றுகிறவர் இல்லை. "இது எங்களுடையது, இடிக்காதீர்கள்" என்று சொல்ல ஒரு குரல் இல்லை.

மண்ணுக்குள் இருந்த புத்தர்

கோபுரம் போனாலும் மண் தன்னிடம் இருந்ததைக் காட்டிக் கொடுத்தது.

1856-ல் அதே பகுதியில் ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டினார்கள். வேருக்கு அடியில் செங்கல் கட்டடம் ஒன்று தெரிந்தது. அதற்குள் ஐந்து புத்த விக்கிரகங்கள்!

அது ஆரம்பம். அதன்பிறகு பல ஆண்டுகளாக நாகையில் கிடைத்த புத்தர் படிமங்கள் 350-க்கும் மேல். காலம், 11-ம் நூற்றாண்டு முதல் 16-ம் நூற்றாண்டு வரை. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. டி. என். ராமச்சந்திரன் என்ற அறிஞர் அவற்றைப் பற்றி எழுதிய புத்தகம் 1954-ல் வெளிவந்தது.

செப்பேடுகளோ கடல் கடந்து போயின. 1658 முதல் 1781 வரை நாகை டச்சுக்காரர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில் அவை ஹாலந்து போய்ச் சேர்ந்தன. பிறகு லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டன. அதனால்தான் அவற்றுக்கு 'லெய்டன் செப்பேடுகள்' என்று பெயர் வந்தது. ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும் சொல்வார்கள்.

மடம் போய்விட்டது. மடத்துக்கு எழுதிய கணக்கு மிஞ்சியது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், சூடாமணி விகாரம் என்று ஒன்று இருந்த செய்தியே நமக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

நாகூர் வழியாக...

நாகையை விட்டு வடக்கே போனால் சில நிமிஷங்களில் நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்கள் தூரத்திலேயே தெரியும். அவற்றில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங்.

கவனித்தீர்களா? சோழ மன்னர் புத்த மடத்துக்குக் கிராமம் கொடுத்தார். மராட்டிய மன்னர் தர்காவுக்கு மினாரா கட்டினார். தஞ்சைச் சீமையில் இது ஒரு வழக்கமாகவே இருந்திருக்கிறது.

வெட்டாற்றைத் தாண்டினால் வாஞ்சூர். அங்கிருந்து காரைக்கால் எல்லை. முன்பு பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். இப்போது புதுச்சேரியைச் சேர்ந்தது. அரசலாற்றையும் நண்டலாற்றையும் தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு. மயிலாடுதுறை மாவட்டம். பொறையாறு. அடுத்தது தரங்கம்பாடி.

தங்கத் தகட்டில் ஒரு கடிதம்

டென்மார்க் ஐரோப்பாவில் வடக்கே உள்ள ஒரு சிறு நாடு. அந்த நாட்டுக்காரர்கள் தரங்கம்பாடியில் ஏன் கோட்டை கட்டினார்கள்?

எல்லாம் மிளகுக்காகத்தான்!

1616-ல் டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் ஆதரவில் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. ஓவே யெத்தே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் புறப்பட்டன. இலங்கையில் கண்டி அரசருக்குப் போர்த்துக்கீசியரை எதிர்த்து உதவி செய்வது, பதிலுக்கு வியாபார உரிமை பெறுவது என்பது அவர்கள் திட்டம். இலங்கை வந்து சேரவே ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயிற்று. அதற்குள் கண்டி அரசர் போர்த்துக்கீசியரோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டார்!

முன்னால் போன இன்னொரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். அதில் இருந்து தப்பிக் கரை ஏறிய சிலரில் ரோலண்ட் கிராப்பே ஒருவர். அவர் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார். கப்பல் கவிழ்ந்து வந்தவரை நாயக்கர் ஆதரித்தார்.

அந்தப் பழக்கம் பலன் தந்தது. 1620-ம் ஆண்டு நவம்பர் மாதம் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்காரர்களுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. கடலோரத்தில் ஒரு சிறு கிராமம். கோட்டை கட்டிக்கொள்ளலாம். வியாபாரம் செய்யலாம். குத்தகை ஆண்டுக்கு 3,111 ரூபாய்.

டென்மார்க் அரசருக்கு நாயக்கர் தங்கத் தகட்டில் கடிதம் அனுப்பினார். அந்தத் தங்கக் கடிதம் இன்னும் கோபன்ஹேகன் நகரத்து அரசாங்க ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

கோட்டைக்கு 'டான்ஸ்போர்க்' என்று பெயர் வைத்தார்கள். 'டேன் மக்களின் கோட்டை' என்று பொருள்.

கோட்டைக்குள் நுழைவோம்

பிரதான சாலையில் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஒரு பெரிய நுழைவாயில். டென்மார்க்காரர்கள் 18-ம் நூற்றாண்டில் கட்டிய வெள்ளைச் சுவர் வாசல். அதைத் தாண்டினால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் பழைய மாளிகைகள். வீதியின் கடைசியில் மைதானம். மைதானத்துக்கு அப்பால் கோட்டை. கோட்டைக்கு அப்பால் கடல்!

ஒரு காலத்தில் கோட்டையைச் சுற்றி அகழி இருந்தது. தூக்குப் பாலத்தின் வழியாகத்தான் உள்ளே போக முடியும். இப்போது அகழி தூர்ந்து மறைந்துவிட்டது.

கோட்டைக்கு இரண்டு தளம். கீழ்த்தளத்தில் சரக்கு அறைகள், சமையல் அறை, சிப்பாய்கள் தங்கும் இடம், சிறை. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள். கூரை தட்டையாக இல்லை. ஒட்டகத் திமில் போல வளைவு வளைவாகப் போகிறது. வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்ச்சி.

டென்மார்க்கில் குரோன்போர்க் என்று ஒரு பெயர் பெற்ற கோட்டை உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகம் நடக்கும் இடம் அது. டென்மார்க்காரர் கட்டிய கோட்டைகளில் அதற்கு அடுத்தபடி பெரியது தரங்கம்பாடிக் கோட்டை என்று சொல்வார்கள்.

உள்ளே இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. பீங்கான் சாமான், கண்ணாடிச் சாமான், சீனத் தேயிலை ஜாடி, சுடுமண் பொம்மை, வாள், ஈட்டி எல்லாம் பார்க்கலாம். வார விடுமுறை நாள் எது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது.

பல ஆண்டு கப்பல் வரவில்லை!

இந்தக் கோட்டையில் ஓர் அதிசயமான கதை நடந்திருக்கிறது. கதை என்றால் கட்டுக்கதை அல்ல. நடந்த சரித்திரம்.

கோட்டை கட்டி 20 ஆண்டுகளில் கம்பெனி நொடித்துப் போயிற்று. டென்மார்க்கில் யுத்தம். பணமுடை. பல ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சிலர் ஓடிப்போனார்கள்.

1655-ம் ஆண்டில் கோட்டையின் பொறுப்பு எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பிரபு அல்ல. படித்தவரும் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண மனிதர். முடிவில் டென்மார்க்காரர் என்று அங்கே இருந்தது அவர் ஒருவர்தான்.

மற்றவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? கோட்டையை டச்சுக்காரருக்கோ போர்த்துக்கீசியருக்கோ விற்றுவிட்டுப் போயிருப்பார்.

அவர் விற்கவில்லை. உள்ளூர் ஆட்களைச் சிப்பாய்களாக வைத்துக்கொண்டார். குத்தகைப் பணம் வரவில்லை என்று தஞ்சைப் படை வந்தபோதும் கோட்டையை விடவில்லை. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்.

1669-ம் ஆண்டு மே மாதம் டென்மார்க்கில் இருந்து ஒரு கப்பல் வந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் கப்பல்! கோட்டை இன்னும் தங்களிடம் இருக்கிறதா என்ற சந்தேகத்தோடு வந்தவர்கள் கண்டது என்ன? கோட்டையின் மேல் டென்மார்க் கொடி பறந்துகொண்டிருந்தது.

ஒரு மனிதரும், பெயர் தெரியாத தரங்கம்பாடி ஆட்களும் சேர்ந்து காத்த கொடி அது.

சிறையில் இருந்த பாதிரியார்

1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி இரண்டு வாலிபர்கள் தரங்கம்பாடியில் கப்பலை விட்டு இறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஜெர்மனி நாட்டுப் பாதிரியார் பார்த்தலோமேயு சீகன்பால்கு. மறுநாள் அவருக்கு 24 வயது நிரம்பியது.

அவருக்கும் கோட்டைக் கவர்னர் ஹாசியசுக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-ல் கவர்னர் அவரைப் பிடித்து இந்தக் கோட்டையிலேயே அடைத்தார். நான்கு மாதம் சிறை!

விடுதலையான சீகன்பால்கு, தமிழில் இன்னும் ஆழ்ந்தார். ஐரோப்பாவில் இருந்து அச்சு யந்திரமும் தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். காகிதத் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையே வைத்தார்கள்.

1718-ல் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜ வீதியில் இருக்கிறது. 1719-ல், 36 வயதில், அவர் இறந்தார். அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1845-ல் டென்மார்க்காரர்கள் தரங்கம்பாடியையும், வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயரிடம் 12½ லட்ச ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1861-ல் நாகைக்கு ரயில் வந்தது. வியாபாரம் எல்லாம் நாகைப் பக்கம் போயிற்று. தரங்கம்பாடி அமைதியான ஊராக ஆயிற்று.

கடல் தின்ற கோவில்

கோட்டையைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே சில நிமிஷம் நடந்தால் கடலோரத்தில் ஒரு சிவன் கோவில். மாசிலாமணிநாதர் கோவில்.

கோட்டையை விட 300 ஆண்டு மூத்தது இது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அப்போது ஊரின் பெயர் சடங்கன்பாடி. குலசேகரன்பட்டினம் என்றும் கல்வெட்டு சொல்கிறது.

இந்தக் கோவிலின் பெரும் பகுதியைக் கடல் கொண்டு போய்விட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரை அரித்தது. மிஞ்சியதைக் காப்பாற்றக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்புப் போட்டிருக்கிறார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமியை இந்தக் கரை மறக்க முடியாது. அப்போதைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரீகர்களும் அவர்களில் உண்டு. தரங்கம்பாடியில் மீனவர் குடும்பங்கள் அழிந்தன. இங்கே கடலைப் பார்க்கிறவர்கள் ஒரு நிமிஷம் அவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எது நிற்கும்?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கோட்டை ஏன் நின்றது? விகாரம் ஏன் போயிற்று?

கல் வலுவா, செங்கல் வலுவா என்பதில் இல்லை இந்த விடை. டான்ஸ்போர்க்கும் பெரும்பாலும் செங்கல் கட்டடம்தான். ஆனால் அது ஒரு நாளும் ஆள் இல்லாமல் கிடக்கவில்லை. கோங்ஸ்பாக்கே காத்தார். பிறகு கவர்னர்கள் இருந்தார்கள். ஆங்கிலேயர் வாங்கியபின் பயணியர் விடுதியாக இருந்தது. 1978-ல் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கில் இருந்து ஆர்வலர்களே வந்து, நம் தொல்லியல் துறையோடு சேர்ந்து பழுது பார்த்தார்கள். ஓட்டை விழுந்தபோதெல்லாம் யாரோ ஒருவர் அடைத்தார். அதனால் நின்றது.

நாகை விகாரத்துக்கு அப்படி ஒருவர் இல்லாமல் போனார். அதனால் விழுந்தது.

கட்டியவர் மன்னராக இருந்தாலும் போதாது. கவனிக்க ஓர் ஆள் வேண்டும். வீட்டுக்கும் இதுதான். கோவிலுக்கும் இதுதான். கோட்டைக்கும் இதுதான்.

நம் பொறுப்பு என்ன?

"இதெல்லாம் அரசாங்கத்து வேலை. நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கலாம். செய்ய முடியும்.

கோட்டைச் சுவரில் பெயர் கிறுக்காமல் இருக்கலாம். குழந்தைகள் கிறுக்கினால் தடுக்கலாம்.

ஊர்க் கோவிலில் திருப்பணி நடக்கும்போது, கல்வெட்டு உள்ள கல்லின் மேல் சுண்ணாம்பு அடிக்காமலும், அதைப் பெயர்த்துப் படிக்கட்டுக்குப் போடாமலும் பார்த்துக்கொள்ளலாம்.

வயலை உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ, வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ சிலை கிடைக்கலாம். செப்பேடு கிடைக்கலாம். காவிரிக் கரையில் அது அபூர்வம் அல்ல. கிடைத்தால் மறைக்கக் கூடாது, உருக்கக் கூடாது. உடனே கிராம நிர்வாக அதிகாரியிடமோ தாசில்தாரிடமோ சொல்ல வேண்டும். 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

அன்று ஒரு கொல்லன் உலையில் போட்டிருந்தால், ஆனைமங்கலத்துச் செப்பேடுகள் நாலு குடமும் தவலையுமாக மாறியிருக்கும். யானை நடந்த எல்லையும், 8,943 கலம் நெல்லும், தீவு அரசர் தம் தந்தைக்குக் கட்டிய மடமும் அந்த உலையிலேயே போயிருக்கும்.